பழைய காரில் செலவு வைப்பது தகடுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடாமல் கிடக்கும் அம்பாசிடரையோ பிரிமியர் பத்மினியையோ சல்லிசாக வாங்கிப் புதுப்பிக்கலாம் என்று நினைக்கும் குமரி மாவட்ட வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரில், ஏற்கெனவே புதுப்பிக்கும் வேலை முடிந்த நல்ல வண்டியை வாங்குவதுதான் பெரும்பாலும் செலவு குறைவு.

இன்ஜின் செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். அம்பாசிடரின் 1489 சி.சி. ஆனாலும் பத்மினியின் 1089 சி.சி. ஆனாலும், கழற்றி அளந்தவுடன் போரிங், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், பேரிங் எல்லாவற்றுக்கும் லேத்காரர் கணக்குச் சொல்லிவிடுவார். டிங்கரிங், அதாவது பாடியின் தகட்டு வேலைக்கு அப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாது. குளச்சல், முட்டம் பக்கம் தென்னைக்கடியில் பல வருடம் நின்ற வண்டியில், உப்புக்காற்றின் ஈரம், பெட்டிபோல் உள்ளே கூடாக இருக்கும் பெட்டித் தகடுகளுக்குள் தங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும். பெயின்டைச் சுரண்டினால்தான் ஓட்டை தெரியும்.

இவ்விரண்டு கார்களுக்கும் தனிச் சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும்தான் பாரம் தாங்குகின்றன. கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டிங் வைக்காமல் அவற்றை வெட்டினால் பாடி தொய்ந்துவிடும். அதன்பின் கதவு சரியாகப் பொருந்தாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இதற்குப் பிடிக்கும் ஆள்கூலிதான் பட்ஜெட்டைத் தின்கிறது. அதோடு, காணாமல் போன குரோம் பட்டை, கண்ணாடி பீடிங், விளக்கு மூடி தேடி அலையும் செலவும் உண்டு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் இருக்கிறது, பாடியைத் தூக்கி வேலை பார்க்கலாம். ஆனால் உதிரிபாகம் கிடைப்பது முந்தைய இரண்டு கார்களையும்விடக் கஷ்டம்.

வீட்டுப் பெரியவர் ஓட்டிய வண்டி என்றால் காசுக் கணக்கு பார்க்க வேண்டாம், தாராளமாகச் செய்யுங்கள். மற்றவர்கள், எதுவும் குறையாத, கடலோரத்தில் நிற்காத வண்டியாகத் தேடுங்கள்.

வேலை முடிந்த வண்டியிலும் ஏமாற இடமுண்டு. மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு எங்கும் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில், பள்ளத்தை மூடப் பூசும் பட்டி கனமாகப் பூசியிருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் உரித்த நிலையில் எடுத்த படங்களைக் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்தவர் வைத்திருப்பார்.

சேஸிஸ், இன்ஜின் எண்கள் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்பதும் முக்கியம். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூலவடிவம் மாறாத வண்டிக்கே விண்டேஜ் (பழமை வாகனம்) பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். டீசல் இன்ஜின் மாற்றிய வண்டிக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

ஆடியிலும் ஐப்பசியிலும் மழை பெறும் மாவட்டம் இது. புதுப் பெயின்ட் அடித்த வண்டியானால், ஒரு மழைக்காலம் கழிந்தபின் போய்ப் பாருங்கள். அடியில் துரு இருந்தால் அந்நேரத்துக்குள் பெயின்டில் கொப்புளம் கிளம்பியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.