ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்க்கரை நோயாளி அசதி என்று சொன்னாலே, 'ரத்தம் குறைஞ்சிருக்கும்' என்று மருந்துக்கடையில் இரும்பு டானிக் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் வேரோடிவிட்டது. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இது ஆபத்து.

மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. தோலும் குடல் செல்களும் உதிர்வதில் நாளுக்குச் சுமார் 1 மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இதே நிலைதான். புரதத்தோடு ஒட்டாமல் திரியும் இரும்பு, ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்துவிடும். அந்த ரத்தக்குழாயின் உள்சுவரைத்தான் சர்க்கரையும் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கிறது.

அதற்காக, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 350 என்றதும் பயந்துவிடவும் வேண்டாம். கல்லீரல் கொழுப்பு, காலில் ஆறாத புண், காய்ச்சல் எது இருந்தாலும் அது ஏறும். கூடவே சீரம் இரும்பும் (ரத்தத்தில் ஓடும் இரும்பு) டிஐபிசி-யும் (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) பாருங்கள். இரும்பு 66, டிஐபிசி 300 என்றால், வகுத்து நூறால் பெருக்க, இரும்புச் செறிவு, அதாவது அந்தச் சுமக்கும் திறனில் நிரம்பியிருப்பது, 22 சதவீதம். அப்படியானால் அந்த 350-க்கு அழற்சியோ கல்லீரலோ காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செறிவு 45-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும். 20-க்குக் கீழே என்றால், ஃபெரிட்டின் சரியாகத் தெரிந்தாலும் பற்றாக்குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

பற்றாக்குறை உறுதியானால் மாத்திரை அவசியம். டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது. இரண்டு மணி நேரம் தள்ளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது மாத்திரையைவிட முக்கியம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரும்பு குறைந்தவருக்கு, இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். மாத்திரை தொடங்கியதும் புது சிவப்பணுக்கள் பெருகி அந்த எண் இறங்கும். சர்க்கரை குறைந்ததாக அர்த்தமில்லை. அந்த இரண்டு மூன்று மாதங்கள் குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுதி வைத்து, அதைக் காட்டித்தான் மருந்தின் அளவை மாற்றக் கேட்க வேண்டும்.

பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவரின் அசதிக்கும் கால் மதமதப்புக்கும் பி12 குறைவு காரணமாக இருக்கலாம். இரும்பு டானிக் அதற்கு உதவாது.

ஃபெரிட்டின் கேட்டு வருகிறவர்களுக்கு இரும்புச் செறிவையும் சேர்த்துப் பார்க்கும்படி பரிசோதனைக்கூடங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்கள், திருச்சி