டிரைவர் இல்லாததால் குப்பையாகும் ஸ்கேனர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் குடும்பத்துக் கிரயப் பத்திரங்களைக் கணினியில் சேமிப்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்கேனர், சென்ற மாதம் புதுக் கணினிக்கு மாறியதும் இயங்காமல் போயிற்று. யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்துக் கேபிளை நேரடியாகக் கணினியில் செருகினேன். கண்ணாடிக்குக் கீழே நகரும் பகுதியைப் பிடித்து வைக்கும் பூட்டு விடுபட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். விளக்கு எரிந்தது, கணினியோ இன்னதென்று அறியாத சாதனம் என்றே காட்டியது. தயாரித்த நிறுவனத்தின் உதவி மையத்தில், இந்த மாடலுக்குப் புதிய டிரைவர் (கருவியைக் கணினியோடு இணைந்து இயங்கச் செய்யும் மென்பொருள்) கிடையாது, வேறு ஸ்கேனர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள்.

பழைய கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7 (கணினி ஒரே சமயத்தில் கையாளும் தரவின் அளவைக் குறிப்பது இந்தப் பிட் எண்). விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட்டுக்கு எழுதிய டிரைவரை அது ஏற்காது. நிறுவனம் புதிதாக எழுதித் தந்தாலன்றி நம்மால் செய்யக்கூடியது குறைவு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினியை மாற்றும் இன்னும் பல வீடுகளில் இதே சிக்கல் எழும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

கருவியில் பழுதில்லை என்பது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் உள்ள, பக்கத்து வீட்டுத் தம்பியின் மடிக்கணினியில் தெரிந்தது. தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சேன்’ மென்பொருள் ஸ்கேனரை உடனே கண்டுகொண்டது. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) எடுத்த பக்கத்தில் முத்திரையும், மங்கிய கையெழுத்தும்கூடத் தெளிவாக விழுந்தன. ஊதியமின்றி உழைப்பவர்களால் முடிந்தது, விற்றுப் பணம் பெற்ற நிறுவனத்தால் முடியாதா?

எத்தனை ஆண்டுகளுக்கு டிரைவர் தரப்படும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்; நிறுத்தும்போது அதன் தொழில்நுட்ப விவரங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் மின்னணுக் கருவிகளுக்கும் இடம் உண்டு. அந்த உரிமையில் டிரைவரும் அடங்கும் என்று அரசு தெளிவாக விதி வகுக்க வேண்டும். பயன்பாடு முடிந்த கருவிகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருக்கும்போது, நன்றாக இயங்கும் கருவியைக் கழிவாக்காத பொறுப்பும் அவர்களுக்கு உண்டு.

வீட்டில் பழைய ஸ்கேனர் வைத்திருப்போர், எடைக்குப் போடுவதற்கு முன் லினக்ஸ் உள்ள கணினியில் ஒருமுறை இணைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்