மல்யுத்த ரசிகர் மன்ற ஆண்டறிக்கை: அண்டர்டேக்கர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இயங்கிவரும் நமது மன்றத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதியில் நீர்மோர் கொடுத்தோம். இரத்ததானமும் கேரம் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த பழைய பத்திரிகைக் கட்டுகளில் மிஞ்சியவற்றைப் பிரித்துக் காயவைத்து அட்டை போட்டிருக்கிறோம்.

இனி இந்த ஆண்டின் தலையாய பணிக்கு வருகிறேன். WWE என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் (தொடக்கத்தில் WWF) ஈமச்சடங்குக்காரர் வேடத்தில் ஆடிய அண்டர்டேக்கரின் முழுப் பயணத்தையும், 1990 நவம்பர் 22 முதல் 2020 நவம்பர் 22 வரை, வரிசை மாறாமல் மாதம் ஒரு கூட்டமாகப் போட்டுப் பார்த்துப் பேசுவது என்று சென்ற பேரவையில் தீர்மானம் போட்டோம். அதை முன்மொழிந்தவன் நான். ஒரே ஆளுக்கு ஒரு வருஷமா என்று அன்றே சிலர் கேட்டார்கள். இப்போதும் கேட்கிறார்கள். அதனால் விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் இளைய உறுப்பினர்கள் அவரைப் பார்த்ததெல்லாம் போனில் வரும் அரை நிமிடத் துண்டுகளில். மூத்தவர்களுக்கோ மல்யுத்த வீரர் படம் போட்ட டிரம்ப் கார்டும், ‘அவன் ஏழு தடவை செத்துப் பொழச்சவன்லே’ என்ற பள்ளிக்கூடத்துப் பேச்சும்தான் மிச்சம். இரண்டுக்கும் நடுவில் முப்பது வருட உழைப்பு இருக்கிறது. அதைத்தான் பார்க்க நினைத்தோம்.

செத்துப் பிழைத்த கதையிலிருந்தே தொடங்கினோம். 1994 ஜனவரி ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் யோகோசுனா என்ற வீரரோடு, எதிராளியைப் பெட்டிக்குள் தள்ளி மூடினால் வெற்றி என்கிற சவப்பெட்டி ஆட்டம். பல பேர் உள்ளே புகுந்து அவரைப் பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். அவருடைய ஆவி மேலே போவதுபோல் திரையில் காட்டினார்கள். உண்மையில் அவருக்கு முதுகில் காயம். ஓய்வுக்குப் போனார். நிறுவனத்தின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் அந்த வருடம் அவர் இல்லை. ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் திரும்பி, தன் வேடத்திலேயே நின்ற இன்னொருவரோடு மோதினார். சாம்பல் நிறக் கையுறை ஊதா நிறமானது அப்போதுதான். 1996 அக்டோபரில் உயிரோடு புதைத்தார்கள். 1998 ஜனவரியில் அவரைப் பெட்டிக்குள் வைத்து, கதையில் அவர் தம்பியாக வரும் கேன் தீ வைத்தார். 2003 நவம்பரில் மறுபடி புதைத்து, 2004 மார்ச் ரெஸில்மேனியாவில் பழைய தொப்பி, நீள அங்கியோடு எழுப்பினார்கள். காயம் ஆறவோ வேடம் மாற்றவோ காலம் தேவைப்படும்போது கதையில் ஒரு சாவு வந்தது. தெருவில் நாம் எண்ணிக்கொண்டிருந்த ‘உயிர்கள்’ இவைதான். அவருடைய மேலாளராகக் கூடவே வந்த பால் பேரர் நிஜ வாழ்விலும் ஈமச்சடங்குத் தொழிலுக்கு உரிமம் பெற்றவர். அந்த முகமும் குரலும் அவ்வளவு பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கூட்டத்துக்காக ரிங்கின் மாதிரி ஒன்றைச் செய்தோம். மன்றப் பணம் இதற்குத்தான் வீணாகிறது என்று பேசப்பட்டது என் காதுக்கு வந்தது. மரக்கடையில் கழித்துப் போட்ட பலகைதான் பெரும்பகுதி. செய்து கொடுத்த ஆசாரி அண்ணாச்சி கூலி வாங்கவில்லை. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு. நிஜ ரிங் 20 அடிக்கு 20 அடி, நம்முடையது 20 அங்குலச் சதுரம். நான்கு மூலையில் கம்பம், குறுக்கே இரும்புப் பட்டை, அதன் மேல் பலகைகள், பலகை மேல் மெல்லிய ஃபோம், அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். கயிறு மூன்றும் ஷூ லேஸ், மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியது. WWE நிறுவனத்தின் ரிங்கிலும் உள்ளே நிஜக் கயிறு, வெளியே டேப். மற்றக் கம்பெனிகள் சிலவற்றில் இரும்பு வடத்துக்கு ரப்பர் குழாய் மாட்டியிருப்பார்கள்.

இந்த மாதிரியில் நடுவில் விரலை வைத்து அழுத்தினால் பலகை சற்றுக் கீழே போய் வரும். ஓரத்தில் அழுத்தினால் அசையவே அசையாது, கீழே இரும்புச் சட்டம். ஆகவே மல்லாக்க விழுகிற அடியெல்லாம் முடிந்தவரை நடுவில் போடுகிறார்கள். கயிற்றுக்கு வெளியே இருக்கும் விளிம்பில் விழுந்தால்தான் முதுகு போகும். தொட்டுப் பார்த்த பிறகு ‘எல்லாம் செட்டப்புதானே அண்ணாச்சி’ என்று யாரும் கேட்கவில்லை. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்ததுதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. அந்த முடிவுவரை இரண்டு பேரும் உடம்பு கெடாமல் போய்ச் சேருவதில்தான் வித்தை இருக்கிறது. அண்டர்டேக்கர் அதில் பெரிய ஆள் என்பதே என் துணிபு.

ஆட்டத்தை முடிக்க அவர் போடும் டூம்ஸ்டோன் என்ற அடியை எடுத்துக்கொள்வோம். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, வயிற்றோடு வயிறு வைத்து, அவர் இடுப்பை இரு கையாலும் கட்டிப் பிடிக்க வேண்டும். அவருடைய தலை அண்டர்டேக்கரின் தொடைகளுக்கு நடுவில், முழங்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். எதிராளியும் சும்மா தொங்கக் கூடாது, இவர் உடம்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு முட்டி போடுகிறார். தரையில் இடிப்பது முட்டி மட்டும். தலைக்கும் கேன்வாஸுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். நிறுத்திப் பார்த்தால் தெரியும். ஓட்டத்தில் பார்த்தால் தலை நட்டுக்கொண்டதுபோல்தான் இருக்கும். வியர்வையில் பிடி நழுவி எதிராளி நாலு அங்குலம் கீழே சறுக்கினாலும் கழுத்து போச்சு. அதனால்தான் இறக்குவதற்கு முன் ஒரு தடவை எக்கி மேலே ஏற்றிக்கொள்கிறார்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஆகஸ்ட் 3 சம்மர்ஸ்லாமைக் காட்டினோம். ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கியவர் முட்டி போடாமல் உட்கார்ந்து இறக்கிவிட்டார். ஆஸ்டினின் தலை நேரே தரையில். கொஞ்ச நேரம் கையும் காலும் அசையவில்லை. ஆஸ்டினின் ஆட்ட வாழ்க்கை சுருங்கியதற்கு அந்தக் கழுத்துக் காயம் பெரிய காரணம். பின்னாளில் இந்த வகை அடிக்கே தடை வந்தபோதும் அண்டர்டேக்கருக்கும் கேனுக்கும் மட்டும் விலக்கு இருந்தது. அவர் கையில் ஆளைக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓல்டு ஸ்கூல் என்கிற கயிற்று நடையும் அப்படியே. எதிராளியின் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் ஏறி, மேல் கயிற்றில் அடி எடுத்து வைத்து நடுப்பக்கம் வரை வந்து, குதித்துத் தோளில் வெட்டுவார். வாய்க்காலில் பனந்தடிப் பாலத்தைத் தாண்டும்போது கரையில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொள்வோமே, அதுபோல எதிராளியின் கைதான் அவருக்குப் பிடிமானம். கையை முறுக்குகிறார் என்று நாம் நினைப்போம். 6 அடி 10 அங்குலம், 300 பவுண்டுக்கு மேல் என்று அறிவிக்கப்பட்ட உடம்பு அந்தக் கையை நம்பித்தான் கயிற்றில் நிற்கிறது. இதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பழைய மல்யுத்த வீரர் டான் ஜார்டின்.

இந்த விளக்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. மறுநாள் டீக்கடையில் ‘கழுத்து எப்படிலே முறியாம இருக்கு’ என்று விவாதித்தவர்களில் பலர் நம் உறுப்பினர்கள். விடை மன்ற அறையில் மேசை மேல் இருந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

ரிங்கைச் சுற்றியும் மேலேயும் கம்பிவலையால் மூடி ஆடும் கூண்டு ஆட்டங்களுக்குக் கூட்டம் நிரம்பியது. மாதிரி ரிங்குக்குக் கோழிவலையில் 16 அங்குல உயரக் கூண்டு கட்டியிருந்தோம். தொடக்கத்தில் அந்தக் கூண்டின் உயரம் 16 அடி. முதல் ஆட்டம் 1997 அக்டோபர் 5, ஷான் மைக்கேல்ஸோடு. கேன் முதன்முதலாக வந்து கதவைப் பிய்த்தது அன்றுதான். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க்கில் மேன்கைண்ட் என்ற வீரரைக் கூண்டின் மேலிருந்து மேசை மீது எறிந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டாவது விழுகையைத்தான் கவனிக்கச் சொன்னேன். கூரை வலை அப்படி ஒரேயடியாகப் பெயரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேன்கைண்ட் நேரே ரிங்குக்குள் விழுந்தார், கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்தது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்டர்டேக்கரின் பாதத்தில் அன்று ஏற்கெனவே எலும்பு முறிவு. அந்தக் காலோடுதான் கூண்டேறினார்.

2000 முதல் 2003 வரை வேடம் மாற்றி மோட்டார் சைக்கிளில் வந்த காலம் மூத்தவர்கள் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அதில் மாற்றுக் கருத்து உண்டு. நடையின் வேகமும், லாஸ்ட் ரைடு என்கிற தூக்கிப் போடும் அடியும் அந்த வருடங்களில் கிடைத்தவை. 2002 ஜூலை 1 அன்று ஜெஃப் ஹார்டியோடு நடந்த ஏணி ஆட்டத்தில், தோற்றுக் கிடந்த பையனின் கையைத் தூக்கிவிட்டுப் போனாரே, அதுபோல ஒரு ஆளை உயர்த்திவிட வேறு வழி இல்லை. 2006இல் நம் நாட்டு வீரர் கிரேட் காளி வந்து அவரை வீழ்த்தியதைப் பற்றி நம் மன்றத்தில் இன்றும் இரண்டு கட்சி. அதை இங்கே கிளறவில்லை.

ரெஸில்மேனியாவில் அவர் தோற்காமல் வந்த வரிசை 1991இல் ஜிம்மி ஸ்னூக்காவில் தொடங்கி 2013இல் சி.எம். பங்கோடு 21 வெற்றி. இவற்றில் 2009 ஏப்ரல் 5, அவர் பிறந்த ஹூஸ்டனில் ஷான் மைக்கேல்ஸோடு நடந்ததை இரண்டு தடவை போட்டோம். கயிற்றைத் தாண்டிக் கையூன்றாமல் வெளியே பாய்கிறார். மைக்கேல்ஸ் விலகி, படக்கருவியோடு நின்றவரை முன்னால் இழுத்து விடுகிறார். அந்த ஆள்தான் தாங்கிப் பிடிக்க வேண்டியவர். பிடி சரியாக விழவில்லை. அண்டர்டேக்கர் தலை குத்திக் கழுத்து மடங்க விழுந்தார். அதற்குப் பிறகும் ஆட்டத்தை நடத்தி, மேலிருந்து புரண்டு பாய்ந்த மைக்கேல்ஸை அந்தரத்தில் பிடித்து டூம்ஸ்டோனில் முடித்தார். மறு வருடம் பிப்ரவரியில் நுழையும்போதே தீப்பொறி பட்டு மார்பும் கழுத்தும் வெந்தன. அன்றும் ஆடினார். 2014 ஏப்ரல் 6 அன்று பிராக் லெஸ்னரிடம் வரிசை முடிந்தது. ஆட்டத்தின் நடுவிலேயே அவருக்குத் தலையில் அதிர்ச்சி, பிறகு மருத்துவமனை. ‘ஏன் அவ்வளவு மந்தமாக ஆடினார்’ என்று பத்து வருடமாகக் கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கடைசிக் கணக்கு 25 வெற்றி, 2 தோல்வி. இரண்டாவது தோல்வி 2017இல் ரோமன் ரெயின்ஸிடம்.

2019 ஜூன் 7 அன்று சவூதியின் ஜெட்டாவில் கோல்ட்பெர்க்கோடு நடந்த ஆட்டத்தையும் மறைக்காமல் போட்டோம். கோல்ட்பெர்க்கின் தலை கம்பத்தில் மோதிய பிறகு இருவருக்கும் எதுவும் சரியாக அமையவில்லை. தூக்குகிறவர், தூக்கப்படுகிறவர் இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் நிலை தடுமாறினால் மற்றவர் கழுத்துக்கு ஆபத்து என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்த ஆட்டம் அது. அதைப் பார்த்தால்தான் 2020இல் ஏ.ஜே. ஸ்டைல்ஸோடு கூட்டமில்லாத இடுகாட்டில் எடுத்த கடைசி ஆட்டம் எவ்வளவு அறிவோடு செய்த காரியம் என்பது விளங்கும். துண்டு துண்டாக எடுத்து, உடம்புக்கு இடைவெளி கொடுத்து, முகத்துக்கும் குரலுக்கும் வேலை வைத்தார்கள்.

வருகைப் பதிவேடு பார்வைக்கு மேசையில் உள்ளது. கூண்டுக்கும் லெஸ்னருக்கும் வந்தவர்கள் மற்ற மாதங்களில் எங்கே போனார்கள் என்பதை அவரவர் மனத்துக்கு விட்டுவிடுகிறேன். நிர்வாகக் குழுக் கூட்டங்கள் சில, போதிய ஆள் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர் முன்பு பொறுப்பில் இருந்தவர்கள் என்பது கூடுதல் வேதனை. போனில் நினைவூட்டினால் ‘அடுத்த வாரம் தாரேன் அண்ணாச்சி’ என்கிறார்கள். மன்ற அறைக்கு வாடகை முதல் தேதியில் கேட்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு சந்தாவிலும் நன்கொடையிலும் வந்தது. வாடகை, மின்கட்டணம், நீர்மோர், நிகழ்ச்சிச் செலவு போகக் கையில் இருப்பு சொற்பம். ஸ்பீக்கர் பழுதுபார்த்த பில் பாக்கி உள்ளது.

திரை கொடுத்து உதவியவர்கள், டீ உபயம் செய்தவர்கள், ஆசாரி அண்ணாச்சி, மின்வெட்டு வந்த மாதம் இன்வெர்ட்டரைச் சுமந்து வந்த தம்பிமார் அனைவருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டு தாரா சிங்கை எடுக்கலாம் என்பது என் விருப்பம். 1928இல் பிறந்து 1983 வரை களத்தில் நின்றவர். அவர் ஆட்டங்களின் படச்சுருள் கிடைப்பது அரிது. ஆகவே பழைய நோட்டீஸ், பத்திரிகைக் கத்தரிப்பு யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் தந்தால் நகலெடுத்துத் திருப்பிக் கொடுப்போம். மாதிரி ரிங்குக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்று வேண்டும், கேன்வாஸில் இப்போதே தூசி ஏறுகிறது. இதெல்லாம் நடப்பது அறை நம் கையில் இருந்தால்தான். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுக்கிறேன், பதிவேடுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. முன்வராவிட்டால் தொடர்கிறேன், ஆனால் தனியாக முடியாது.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கத்து மேசையில் இருப்பார். சில்லறையும் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்