அக்கா, அது ஹெட்போனின் தப்பு இல்லை

அக்கா,

நாளையோடு அம்மா போய் ஒரு வருடம். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று உனக்குக் கோபம் வரும். அன்றைக்கு நீ என்னைக் கேட்டதும் நாலு பேர் முன்னால்தான், அதற்கப்புறம் "அவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்" என்ற ஒரு வரி நம் சொந்தத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டு வந்தது. அதற்கான பதிலும் அதே நாலு பேருக்குத் தெரியட்டும். டாக்டர் நம் இரண்டு பேரிடமும் தனியாகச் சொன்னதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். அது நம்மோடு இருக்கட்டும்.

அந்த ஹெட்போனைத் தூக்கிப் போடச் சொன்னாய். நான் போடவில்லை. இத்தனை நாளும் அதில்தான் பாட்டுக் கேட்டேன்.

அதை வாங்கிக் கொடுத்த அன்றைக்கு, "மிஷின் சத்தத்திலிருந்து உன் காதுக்குக் கொஞ்சம் லீவு கொடு" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்தது என்று நான் சொன்னதே இல்லை. என் அறை வாசலில் நின்ற அம்மாவின் ஆக்சிஜன் மிஷின், ராத்திரி பகல் பார்க்காமல் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் ஓடும், நடுநடுவே "புஸ்" என்று காற்றை விடும். பதினான்கு மாதம். சனி, ஞாயிறு வந்துவிட்டுத் திங்கள் காலையில் கிளம்பும்போது "இந்தச் சத்தத்தில் எப்படித்தான் இருக்கிறாயோ" என்று கேட்பாய். இருந்தேன், அக்கா. யாராவது ஒருத்தர் இருக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தியதும் அந்த "ம்ம்ம்" அப்படியே அடங்கிப்போனது. காதுக்குள் பஞ்சை வைத்து அமுக்கியது போல ஒரு இறுக்கம் தெரிந்தது, விமானம் மேலே ஏறும்போது வருமே, அதுபோல. இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது. ஆனால் "புஸ்" மட்டும் போகவில்லை. போகாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெளியிலிருந்து வருகிற சத்தத்தை ஹெட்போனின் மைக் பிடித்து, அந்த அலைக்கு நேர் எதிரான இன்னொரு அலையை உள்ளே அனுப்புகிறது, மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடும், அவ்வளவுதான் விஷயம். 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு நூறு அதிர்வில், வருகிற தாழ்ந்த இரைச்சலின் அலை ஒன்று கிட்டத்தட்ட 3.4 மீட்டர் நீளம். எதிர் அலை துளி பிந்தினாலும் பரவாயில்லை, பொருந்திவிடும். 5,000 ஹெர்ட்ஸில் ஒரு அலை 7 சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் இம்மி பிசகினாலும் சமமாகாது, சில சமயம் சத்தம் கூடவும் செய்யும். அதனால் இப்படி உயர்ந்த சுருதியில் வருகிற சத்தங்களைத் தடுக்கும் வேலை காதைச் சுற்றி இருக்கிற மெத்தைக்குத்தான் விழுகிறது, அது முடிந்த அளவு தடுக்கும். மின்விசிறி, எஞ்சின், ஆக்சிஜன் மிஷின் மாதிரி ஒரே சீராக, தாழ்வாக வருவதெல்லாம் போய்விடும். திடீரென்று வருவது, கூர்மையாக வருவது, மனிதர்கள் பேசுவது, இதெல்லாம் குறைந்தாலும் வந்து சேரும். சொல்லப்போனால், இரைச்சல் போனதும் அந்தப் "புஸ்" முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது, கூட்டம் கலைந்துபோன அறையில் ஒருத்தர் மட்டும் இருமிக்கொண்டிருப்பது போல.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், காரணம் இருக்கிறது. வருகிறேன்.

அதற்கு முன்னால் உனக்குத் தெரியாத ஒன்று. அதை அம்மாவும் போட்டுக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். "அதில அப்படி என்னதான்டா கேக்குற?" என்று கையை நீட்டினாள். நான் அவள் தலையில் மெதுவாக வைத்து பட்டனை அழுத்தினேன். அடுத்த நொடி அவள் விரல் மூக்குக்குக் கீழே இருந்த குழாய்க்குப் போய்விட்டது. "மிஷின் நின்னுடுச்சாடா?" கண்கள் அவ்வளவு பெரிதாகிவிட்டன. நான் ஒரு பக்கத்துக் கப்பைத் தூக்கிக் காட்டினேன், இரைச்சல் வந்தது. திரும்ப வைத்தேன், போனது. மூன்று தடவை அப்படிச் செய்த பிறகுதான் நம்பினாள். அவளும் தானே ஒருமுறை தூக்கிப் பார்த்து, வைத்து, அப்புறம் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் காதில் அந்தச் சத்தம் இல்லை.

ஆனால் சரியாக அமையவில்லை. வலது பக்கம் இரைச்சல் கசிகிறது என்றாள், பாட்டுப் போட்டால் தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு அது புரிந்தது, என் மூக்குக்கண்ணாடியின் காம்பும் அதே வேலையைத்தான் செய்யும். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், வெளிச்சத்தம் உள்ளே வரும், பாட்டில் இருக்கிற பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வெளியே ஓடிவிடும், அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த ஹெட்போனாக இருந்தாலும் ஒன்றுதான். அம்மாவுக்கு அந்த இடைவெளி ஆக்சிஜன் குழாய். இரண்டு காதுக்கும் மேலே வளைந்து, மெத்தைக்கு அடியில் ஓடியது. நான் குழாயைக் காதிலிருந்து எடுத்து, காது மடலுக்குக் கீழே கன்னத்தோடு கொண்டுபோய், பிடரியில் சேர்த்து, அவள் கொண்டை க்ளிப்பாலேயே தளர்வாக மாட்டினேன். காற்று ஒழுங்காக வருகிறதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். அப்புறம் அந்த ஹெட்போனின் ஆப்பில் பேஸை இரண்டு படி இறக்கினேன். குரல் முன்னால் வரவேண்டும் என்றால் எல்லோரும் குரலைத்தான் ஏற்றுகிறார்கள், அதை மூடிக்கொண்டிருப்பதை இறக்கினாலே குரல் தானாக வெளியே வந்துவிடும்.

அவளுக்குப் பிடித்த அந்தப் பழைய பாட்டைப் போட்டேன், எது என்று உனக்குத் தெரியும். சத்தம் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாம் எத்தனை வருடமாக அந்தப் பாட்டை ரேடியோவிலும் டிவியிலும் கேட்டிருக்கிறோம், எனக்கு அதில் புதிதாக எதுவும் இருக்கும் என்று தோன்றவில்லை. பல்லவி முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பாடுறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குறாடா. எவ்ளோ பெரிய மூச்சு."

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அது அம்மாவுக்கு. கழற்றிக் கொடுக்கும்போது மெத்தை வெதுவெதுப்பாக இருக்கும். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சனி, ஞாயிறு நீ வந்து அதையும் நீயே செய்வாய் என்று தோன்றியது. அவள் மாத்திரை டப்பாவிலிருந்து தலையணை உறை வரைக்கும் நீ வந்த இரண்டு நாளில் மாற்றிவைத்துவிட்டுப் போவாய், திங்கட்கிழமை நான் எல்லாவற்றையும் தேடுவேன். இது ஒன்று எனக்கும் அவளுக்கும் மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். இப்போது அதற்காக வருத்தமாக இருக்கிறது. நீயும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

எதிர் அலையால் சத்தத்தை அடக்கும் யோசனைக்கு 1930களிலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அது நம் காதுக்கு வந்த கதை 1978இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் போன விமானத்தில் தொடங்குகிறது. போஸ் ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸ் அதில் பாட்டுக் கேட்க ஹெட்போனைப் போட்டார், எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989இல் வந்தது. இந்த விஷயம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அந்த மனிதர் காதைப் பொத்திக்கொள்ளப் பார்க்கவில்லை, ஒன்றை ஒழுங்காகக் கேட்க நினைத்தார். அம்மா கேட்டது அப்படித்தான். நான்தான் கடைசியில் அதை வேறு எதற்கோ பயன்படுத்தினேன்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். நீ ஹாலில் படுத்திருந்தாய், அதனால் உன் பக்கத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

என் பக்கத்தில் நடந்தது இது. நாலு ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை, மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வேலை இருந்தது, அந்தப் "புஸ்" சில நொடிக்கு ஒருமுறை மண்டையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அதை மறைக்கப் பாட்டைப் போட்டேன். மறையவில்லை, ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். ஹெட்போன் சத்தம் எவ்வளவு என்று போன் தானாகவே குறித்து வைக்கிறது, அன்றைய கணக்கும் அதில் இருக்கிறது: 40 நிமிடம், 90 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். வெளி இரைச்சலை அடக்கிவிடுவதால் குறைவான சத்தத்திலேயே பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதுதான் இந்த மாதிரி ஹெட்போனின் பெரிய லாபம், நான் எப்போதும் பாதிக்குக் கீழேதான் வைப்பேன். அன்றைக்கு மட்டும் அப்படி.

அம்மாவுக்கு உரக்கக் கூப்பிடக் குரல் வராது. ஸ்பூனால் கட்டில் கம்பியில் தட்டுவாள்.

நீ ஓடிவந்து என் காதிலிருந்து அதைப் பிடுங்கினாய். மேஜையில் விழுந்தது, அதிலிருந்து பாட்டு சின்னதாக வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்து, "இதைப் போட்டா ஒண்ணுமே கேக்காது, இல்ல?" என்றாய்.

நான் "ஆமாம்" என்றேன்.

அது பொய், அக்கா. இரும்புக் கம்பியில் ஸ்பூன் தட்டுகிற சத்தம் இருக்கிறதே, திடீரென்று வருவது, கூர்மையானது, அந்த ஹெட்போன் அடக்க முடியாத சத்தம் என்றால் அதுதான். போன மாதம் சோதித்தே பார்த்துவிட்டேன். ஒரு நண்பனைக் கட்டிலில் உட்கார வைத்து, அதே ஸ்பூனைக் கொடுத்து, நான் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். இரைச்சல் அடக்கும் பட்டனை மட்டும் போட்டிருந்தபோது முதல் தட்டிலேயே கேட்டது. வழக்கமான சத்தத்தில் பாட்டு ஓடும்போது மூன்றாவது தட்டில் கேட்டது. அந்த 90 டெசிபலில் வைத்தபோது நண்பன் எழுந்துவந்து என் தோளைத் தொட்டான். இருபது தடவை தட்டினேன் என்றான். அது போதாது என்று, வெளிச்சத்தத்தை வேண்டுமென்றே உள்ளே விடுகிற வசதியும் அதில் உண்டு, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். எனக்கு அது தெரியும். "புஸ்" வேண்டாம் என்று அழுத்தவில்லை.

இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன். போன வாரம் அத்தான் போன் செய்து, நீ இன்னும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து "நான் அதை வாங்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றார். நீ அப்படி நினைப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் ஒரு வருடமாக உன்மேல் கோபமாக இருந்தேன். நீ கொடுத்தது நல்ல பொருள். அம்மாவுக்கு அது எத்தனையோ சாயங்காலங்களைக் கொடுத்தது. சத்தத்தை ஏற்றியது என் கை. என்னை மன்னித்துவிடு.

ஆனால் நீயும் ஒன்றை ஒப்புக்கொள். அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, "நீ போய்த் தூங்கு, இந்த அறையில் நான் படுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நீ வரும்போதும் ஹாலில்தான் படுத்தாய், அங்கே சத்தம் குறைவு என்று. இதை எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மேலே கேட்ட மன்னிப்பும் பாதிதான் உண்மையாக இருக்கும்.

ஹெட்போனை உனக்கு அனுப்பிவிட்டேன். மெத்தை இரண்டும் பிய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது, புதிது மாற்றியிருக்கிறேன். பழைய இடது மெத்தையின் வலைத்துணியில் ஒரு நரைமுடி இருந்தது, அந்த மெத்தையை நான் வைத்துக்கொண்டேன். கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடு, காதோரம் இருக்கிற முடியை ஒதுக்கிவிட்டு மெத்தை தோலில் படுகிற மாதிரி வை. லேப்டாப்பில் மீட்டிங் பேசும்போது சத்தம் மட்டமாகிவிட்டால் பயப்படாதே, புளூடூத் பேச்சுக்கு மாறும்போது அதன் மைக்கையும் சேர்த்து ஓட்டவேண்டியிருப்பதால் பாட்டுக்கான தரம் குறைந்துவிடும். லேப்டாப்பின் மைக்கையே தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். வெளியே காற்றில் போட்டுக்கொண்டு நடந்தால் மைக்கில் காற்று மோதி கரகரவென்று கேட்கும், அப்போது இரைச்சல் அடக்குவதை நிறுத்திவிடு. பேஸ் இரண்டு படி கீழேயே இருக்கிறது, அம்மாவுக்கு வைத்த அளவு, அதை மாற்றாதே. பாட்டை மூன்றில் ஒரு பங்கில் வைத்துக்கொண்டு, அடுத்த அறையிலிருந்து பிள்ளைகளை ஒருமுறை கூப்பிடச் சொல், உனக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்.

முதலில் அந்தப் பாட்டையே போடு. குரல் வருவதற்கு முன்னால் கவனி.

பார்சல் புதன்கிழமை வரும் என்றார்கள். நீ வீட்டில் இல்லையென்றால் அத்தானை வாங்கி வைக்கச் சொல்.

தம்பி