ஒன்பது வருடக் கடன், ஐந்து வருட உத்தரவாதம்: கார் நிறுவனங்களுக்கும் அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

மலேசியாவில் கார் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் சேவைப் பிரிவினருக்கும், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் புதுக் கார் எடுப்பவர்கள் பலரும் ஒன்பது வருடக் கடனில்தான் எடுக்கிறார்கள். வங்கி தரும் ஆக நீண்ட தவணைக் காலம் அதுதான். அதைக் குறைத்தால் மாதக் கட்டணம் கைக்கு மீறிப் போய்விடும். அதே காருக்கு நீங்கள் தரும் உத்தரவாதம் பொதுவாக ஐந்து வருடம். ஏர்கோன் என்ற குளிர்சாதனம் படுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில், ஆறாவது வருடமோ ஏழாவது வருடமோ. கிராண்ட் என்ற கார்ப் பதிவுச் சான்றில் வங்கியின் உரிமை இன்னும் நீங்கியிருக்காது. ஆனால் பழுதுச் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழும். அந்த நான்கு வருட இடைவெளியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏர்கோன் இல்லாவிட்டால் என்ன, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்களேன் என்று ஈப்போ சேவை மையம் ஒன்றின் முகப்பில் இருந்தவர் என்னிடமே சொன்னார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். என் அப்பா எல்பில் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் தாகம் எடுத்தால் விருப்பம்போல் தண்ணீர் குடிக்க முடியாது. அப்பாவுக்கு மருத்துவர் அளந்து கொடுத்திருப்பது நாளொன்றுக்கு முக்கால் லிட்டர். அதில்தான் காப்பி, ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் அடக்கம். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கி, கால் தள்ளாடி வெளியே வருபவரை, நண்பகல் வெயிலில் நின்று காய்ந்த காருக்குள் உட்கார வைக்கிறேன். உதடு வறண்டு கிடக்கும், கேட்டால் ஒரு மடக்குக்கு மேல் கொடுக்க முடியாது. இப்படிப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பிள்ளைகள் இந்த ஊரில் ஒவ்வொரு தாமானிலும், அதாவது குடியிருப்பிலும், இருக்கிறோம்.

மழையையும் சொல்ல வேண்டும். மாலையில் பேராக் மழை கொட்டும்போது கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்ததுபோல் மங்கிவிடும். அதற்கு வைப்பர் உதவாது. உள்காற்றின் ஈரத்தை உறிஞ்சி கண்ணாடியைத் தெளியவைப்பது ஏர்கோன்தான். அது வேலை செய்யாத காரில் ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே, எதிரே செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகளுக்கு வழிவிட்டு, பழைய நெடுஞ்சாலையில் வீடு திரும்ப வேண்டும். ஏர்கோன் வெறும் சொகுசு என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

இனி என் காருக்கு நடந்தது. உத்தரவாதம் இருந்த காலத்திலேயே குளிர் குறைய ஆரம்பித்தது. சேவை மையத்துக்குக் கொண்டு போனேன். கேஸ், அதாவது குளிரூட்டும் வாயு, குறைவு என்றார்கள், ஏற்றினார்கள். கேஸ் உத்தரவாதத்தில் வராது, அது தேய்மானப் பொருள் என்று சொல்லிக் கட்டணமும் வாங்கினார்கள். சில மாதம் குளிர்ந்தது. மறுபடி அதே கதை, மறுபடி கேஸ், மறுபடி கட்டணம். ஏன் குறைகிறது என்று கேட்டபோதெல்லாம் வெயில் நாடு, இயல்புதான் என்று பதில் வந்தது. உத்தரவாதம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை, மொத்தமாக நின்றுவிட்டது. அப்போதுதான் அதே மையத்தில் உள்காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் ஓட்டை, கேஸை அழுத்தும் கம்ப்ரசரும் போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஒரு தாளை நீட்டினார்கள். தனியார் நிறுவனங்களில் இன்று குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். தோட்டத்திலும் ஆலையிலும் அந்தச் சம்பளத்தை ஒட்டியே வாங்கும் குடும்பங்களுக்கு அந்தத் தாளின் கனம் என்னவென்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பி, சந்தைப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மனிடம் காட்டினேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, "கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோறதுக்கு அது பெட்ரோல் இல்லக்கா. எங்கயோ ஒழுகுது. மொதல்ல அதப் பார்ப்போம்." டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற அரை நாள் ஆனது. வெளியே எடுத்த காயிலை என் கையில் கொடுத்தார். கைக்கடக்கமான அலுமினியப் பெட்டி, அதன் தகடுகளுக்கு நடுவில் கறுப்பாகப் பஞ்சு போல் தூசி அடைத்துக்கொண்டு, ஈரத்தில் ஊறி, கீழ் மூலையில் எண்ணெய் பளபளப்பு. நைட்ரஜன் காற்றை உள்ளே அடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டினார். அந்த மூலையிலிருந்து குமிழி ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியது. ஓட்டை கண்ணுக்குத் தெரியவே இல்லை, குமிழிதான் தெரிந்தது. இத்தனை காலம் நான் கட்டிய கேஸ் பணமெல்லாம் அந்த மூலை வழியாகத்தான் போயிருக்கிறது.

ஏர்கோன் என்பது மூடிய சுற்று. கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது, முன்பக்கக் கண்டென்சரில் அது சூட்டை விட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பேன்ஷன் வால்வு வழியாகக் கூலிங் காயிலுக்குள் பீறிட்டு விரியும்போது உள்காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது, மறுபடி கம்ப்ரசருக்கே திரும்புகிறது. சின்னக் கார் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய அரை கிலோ கேஸ். ரப்பர் குழாய்கள் வழியாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் கசிவது உண்டு. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை ஏற்ற வேண்டியிருந்தால் ஓட்டை இருக்கிறது என்றே பொருள். நான் மெக்கானிக் இல்லை. எனக்கே இவ்வளவு புரிகிறது என்றால், பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருக்கும் உங்கள் மையங்களுக்குப் புரியாமல் போக வழியில்லை.

கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதன் பலன், அடுத்து கம்ப்ரசர் போவது. கம்ப்ரசருக்குத் தேவையான எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றிவருகிறது. கேஸ் ஒழுகும்போது எண்ணெயும் சேர்ந்து போகிறது. எண்ணெய் வறண்ட கம்ப்ரசர் உள்ளுக்குள் உரசித் தேய்கிறது, உலோகத் துகள் பொடிப் பொடியாகச் சுற்று முழுவதும் பரவுகிறது. இன்றைய கண்டென்சர்களின் குழாய்கள் மயிரிழை போன்றவை, அவற்றில் போய் அடைத்துக்கொண்ட துகளைக் கழுவி எடுப்பது நடக்காத காரியம். ஆகவே கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், வால்வு எல்லாம் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றாமல் புதுக் கம்ப்ரசரைப் பூட்டினால் அதுவும் சீக்கிரம் செத்துவிடும். நூற்றுக்கணக்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் வந்து நிற்பது இப்படித்தான். முதல் முறையே ஒரு கசிவுச் சோதனை செய்திருந்தால் அது உத்தரவாதத்துக்குள்ளேயே, உங்கள் செலவிலேயே முடிந்திருக்கும். என் கோபத்தின் வேர் அதுதான்.

வானத்துக்கும் இதில் கணக்கு உண்டு. பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்134ஏ வாயு, ஓசோன் படலத்தைக் கெடுத்த பழைய ஆர்12-க்குப் பதிலாக வந்தது. ஓசோனை அது தொடாது. ஆனால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப் போல் சுமார் 1,400 மடங்கு வீரியம் கொண்டது. அரை கிலோ கேஸ் ஒழுகினால் ஏறக்குறைய 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் கூடி, ஓசோனைக் காக்கும் மாண்ட்ரீயல் ஒப்பந்தத்தைத் திருத்தின. பசுமைக் கார் என்று விளம்பரம் செய்கிறவர்கள், ஒழுகும் காருக்குக் கேஸ் ஏற்றி அனுப்பக் கூடாது.

எங்கள் சாலையைக் காரணம் காட்டுவார்கள், அதையும் கேட்டாயிற்று. கமுனிங், டோவன்பி, எல்பில் என்று தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. செம்மண் பாதைகளில் லாரி போனால் எழும் தூசி கண்டென்சர் தகடுகளை அடைக்கும், லாரிச் சக்கரம் தெறிக்கும் கல் அதைக் குத்தும். உண்மைதான். ஆனால் இந்தக் கார்களை எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கூடாரம் போட்டு விற்றவர்கள் நீங்கள். தூசியும் ஈரமும் நிறைந்த நாட்டில் ஓடப்போகிறது என்று தெரிந்தே விற்கிறீர்கள். கண்டென்சருக்கு முன்னால் ஒரு வலை வைக்க என்ன பெரிய செலவு? பழைய சின்னக் கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. இலைத் தூளும் புழுதியும் நேராக ஈரமான காயிலில் போய் ஒட்டி, அலுமினியத்தை அரிக்கும். ஃபில்டர் இருக்கும் கார்களிலும் அதை எப்போது மாற்ற வேண்டும் என்று விற்கும்போது யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

எங்கள் ஊர் ஃபோர்மன்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்களிலும் அரைகுறை உண்டு, கேஸை மட்டும் ஏற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் அசல் பாகத்தின் விலை அவர்களுக்குக்கூட வெளிப்படையாகத் தெரிவதில்லை. அதனால்தான் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து யாரோ ஓட்டிய காரின் கம்ப்ரசர் வருகிறது, ரீகோன் (புதுப்பித்தது) என்ற பெயரில் வெளியே மட்டும் துடைத்துப் பெயிண்ட் அடித்தது வருகிறது. புதுக் கார்களில் சிலவற்றுக்கு வந்திருக்கும் புதிய வகை கேஸ் ஆர்134ஏ-வைவிட எத்தனையோ மடங்கு விலை. அது இந்தத் தெருப் பட்டறைகளுக்கு வந்து சேரும்போது யார் பையிலிருந்து பணம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அமைச்சின் அதிகாரிகளுக்கு இது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடக்கம். பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கத் தயாரிப்பாளர் ஆவன செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பட்டறைகள் தகவல் வெளியிட வேண்டும் என்று 2002 முதல் தனி விதிமுறையே உண்டு. பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம். இவ்வளவு இருந்தும் எங்கள் பக்கத்து ஆட்கள் போவதில்லை. நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும், போனாலும் கையில் காட்ட எதுவும் இருப்பதில்லை. என் ரசீதுகளில் இருப்பதெல்லாம் "கேஸ் நிரப்பியது" என்ற ஒரே வரிதான். எவ்வளவு கிராம் மீதம் இருந்தது, எவ்வளவு ஏற்றினார்கள், கசிவு பார்த்தார்களா, எதிலும் இல்லை. அந்த விவரங்களை எழுதிய தாள் இல்லாதவரை அந்தச் சட்டம் எங்களுக்குத் துணையாக வராது. பக்கத்தில் சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்தே குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள்; இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. இங்கே அதைப் பற்றிப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது.

நான் கேட்பது இதுதான். கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில், குழாய்கள், இந்த மூடிய சுற்றுக்கு மட்டுமாவது கடன் முடியும் வரை, அதாவது ஒன்பது வருடம், உத்தரவாதம் கொடுங்கள். கார் அத்தனை காலம் ஓடும் என்று நம்பித்தானே ஒன்பது வருடத் தவணையைக் காட்டி விற்கிறீர்கள்? உத்தரவாத காலத்தில் ஒருமுறை கேஸ் குறைந்து கார் வந்தாலே கசிவுச் சோதனை கட்டாயம் என்று உங்கள் மையங்களுக்கு உத்தரவு போடுங்கள். அதன் முடிவை எழுத்தில் கொடுங்கள், அந்தச் சோதனைக்குப் பணம் வாங்காதீர்கள். பாகங்களின் விலையையும் கூலியையும் மாடல் வாரியாக, யாரும் கேட்காமலே தெரியும்படி வெளியிடுங்கள். தாளில் கிராம் கணக்கு எழுதாத மையத்துக்கு அபராதம் விதிக்க அமைச்சு முன்வர வேண்டும்.

எனக்குக் கொடுத்த மூவாயிரம் ரிங்கிட் தாளும், அதற்கு முந்திய கேஸ் ரசீதுகளும், கழற்றிய கூலிங் காயிலும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க விரும்பினால் காட்டுகிறேன். எந்த நிறுவனம் என்பதை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இதே புகாரை வேறு வேறு கார் வைத்திருப்பவர்களிடமும் கேட்டுவிட்டேன். நடுவர் மன்றத்துக்கான மனுவையும் எழுதத் தொடங்கிவிட்டேன். அதற்கு முன் உங்கள் பதில் எழுத்தில் வந்தால் அதையும் மனுவோடு இணைப்பேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கார் உரிமையாளர்