வீட்டிலேயே படிக்கட்டுமா என்று கேட்டிருந்தாயே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு வாய்க்கு வந்ததை எழுத மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம்.

வீட்டுக்கல்விப் பிள்ளைகள் மதிப்பெண்ணில் எங்கோ போய்விடுகிறார்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். இப்படிச் சொல்பவர்கள் அடிக்கடி காட்டுவது அமெரிக்காவில் லாரன்ஸ் ரட்னர் 1998-இல் செய்த ஆய்வு. 20,760 பிள்ளைகள். மதிப்பெண் உண்மையிலேயே உயரம்தான். ஆனால் அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? பெற்றோர் தாமாகவே முன்வந்து தேர்வு எழுத வைத்தவர்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ ஆசிரியர் சான்றிதழ் பெற்றவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எங்கே படித்தாலும் தேறிவிடும் அல்லவா? பள்ளியைவிட வீட்டுக்கல்வி மேல் என்று இது நிரூபிக்கவில்லை என்று ரட்னரே எழுதியிருக்கிறார். அந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கனடாவில் சாண்ட்ரா மார்ட்டின்-சாங்கும் உடன் இருந்தவர்களும் 2011-இல் வெளியிட்ட சின்ன ஆய்வுதான் எனக்குத் தெளிவு தந்தது. வீட்டில் படித்தவர்கள் 37 பேர், அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 37 பேர். பாடத்திட்டம் வைத்து ஒழுங்காகக் கற்றுத்தந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளை முந்தினார்கள். திட்டமே இல்லாமல் படித்த 12 பேர் எல்லாருக்கும் பின்னால் நின்றார்கள்.

என் மகளுக்கு இரண்டு வருஷம் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது உனக்குத் தெரியும். வாசிப்பில் அவள் ஓடினாள். புரியாத இடத்தில் நிற்கலாம், புரிந்ததைத் தாண்டிப் போகலாம். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் அது நடக்காது. பின்னங்கள் வந்ததும் தடுமாற்றம். எனக்கே அவை சரியாக வராது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வருஷம் போனது. வீட்டில் படிப்பவர்கள் மொழியில் முந்தியும் கணக்கில் பிந்தியும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதை அப்புறம்தான் படித்தேன்.

பள்ளியில் சேர்த்த முதல் வாரமே கணக்கு டீச்சர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள் என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். வீட்டில் புத்தகம் எப்போதும் மடியில்தானே இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அவளுடைய கிட்டப்பார்வை தெரியவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அதனால், பெற்றவர்கள் அல்லாத இன்னொருவர் அந்தப் பிள்ளையை அடிக்கடி பார்க்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். வீட்டில் வைப்பதென்று முடிவு செய்தாலும், உனக்கு வராத பாடத்துக்கு வேறொருவரிடம் அனுப்பு. மற்ற பிள்ளைகளோடு விளையாட விடு.

காலையில் வயிறு வலிக்கிறது என்கிறானாமே. படிப்புக்குப் பயமா, இல்லை அங்கே யாராவது மிரட்டுகிறார்களா? மிரட்டல் என்றால் இந்த ஆய்வெல்லாம் அப்புறம், முதலில் அவனை அங்கிருந்து வெளியே கொண்டு வா. விடுமுறை நாளிலும் வலிக்கிறதா என்று கவனித்து எழுது. காத்திருக்கிறேன்.

உன் அன்புத் தோழி