கன்சோலிச் சாய்வுச் சுரங்கத்தை எங்களுக்கும் திறந்து வையுங்கள்

தேசிய அதிவேக ரயில் கழக அதிகாரிகளுக்கு, வணக்கம்.

செம்பூரிலிருந்து வாஷிக்கு லோக்கல் ரயிலில் தினமும் தாணே கழியைக் கடப்பவன் நான். நீர் வடிந்த சேற்றில் பூநாரைகள் நிற்கும் நாட்களில் மட்டும் பெட்டியில் பாதிப்பேர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவார்கள். அவற்றையும் அலையாத்திக் காட்டையும் குலைக்காமல் இருக்கத்தான் மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலை 7 கி.மீ. தூரம் கழிக்கு அடியில் கொண்டுபோகிறீர்கள். நல்ல முடிவு. கன்சோலி–ஷில்பாட்டா பகுதியை வெடிவைத்துக் குடைந்து 2025 செப்டம்பரில் இரு முனைகளையும் சேர்த்தும்விட்டீர்கள். அந்த வேலைக்காகக் கன்சோலியில் 394 மீட்டருக்கு வெட்டிய சாய்வுச் சுரங்கம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல். பணி முடிந்ததும் அதற்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிடாதீர்கள். பொதுமக்களும் இறங்கிப் பார்க்கட்டும்.

இந்த ஆசை எனக்கு ஜப்பானில் பிடித்தது. ஹொன்ஷூ தீவின் வடகோடியில், தாப்பி முனையில், ஹொன்ஷூவையும் ஹொக்கைடோ தீவையும் கடலுக்கடியில் இணைக்கும் செய்கான் ரயில் சுரங்கத்துக்காக வெட்டிய சாய்வுப் பாதை இன்றும் இயங்குகிறது. ஆரஞ்சு நிற ஒற்றைப் பெட்டி; பெயர் மோகுரா, அதாவது அகழெலி. காற்றைத் தடுக்கும் பெரிய கதவு எழும்பியதும் பெட்டி கம்பிவடத்தில் 778 மீட்டர் சறுக்கிக்கொண்டே போய்க் கடல்மட்டத்துக்கு 140 மீட்டர் கீழே நம்மை இறக்கிவிடுகிறது. சட்டை கழுத்தில் ஒட்டியது. சுவரோரக் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம். மேலே கடல் இருக்கிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்தச் சத்தத்தைக் கேட்பது வேறு.

சுரங்கம் வருவதற்கு முன் அந்தக் கடலைக் கப்பலில்தான் கடந்தார்கள். 1954 செப்டம்பர் 26 அன்று ஹொக்கைடோவின் ஹகோதாதே துறைமுகத்தில் வானம் வெளுத்தது. புயல் கடந்துவிட்டது என்று நம்பி தோயா மாரு என்ற பயணிகள் கப்பலைக் கிளப்பினார்கள். அது மூழ்கியது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடலுக்கடியில் ரயில் விடும் யோசனை முன்பே இருந்ததுதான். அந்த இரவுக்குப் பிறகு அதைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. குடைந்த பாறையோ நொறுங்கிய எரிமலைப் பாறை. முதலில் சிறிய முன்னோடிச் சுரங்கம், பிறகு பணிச் சுரங்கம், கடைசியில்தான் பிரதான சுரங்கம். எதிரிலுள்ள பாறையில் துளையிட்டு, சிமெண்டையும் நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிகேட் கரைசலையும் அழுத்தி ஏற்றி, அது இறுகிய பிறகே அடுத்த வெடி. அப்படியும் 1976 மே மாதம் யொஷியோகா பக்கம் நிமிடத்துக்கு 70 டன் தண்ணீர் பீறிட்டது. பிரதான சுரங்கத்தின் இரு முனைகளும் 1985இல் சந்தித்தன. 1988 மார்ச் 13 அன்று ரயில் ஓடியது. மொத்தம் 53.85 கி.மீ., அதில் 23.3 கி.மீ. கடலுக்கு அடியில். 34 தொழிலாளர்கள் திரும்பவில்லை. தாப்பியில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. உள்ளே கசியும் தண்ணீரை இரைக்கும் பம்புகளை இன்றுவரை நிறுத்த முடியவில்லை.

கன்சோலிப் பாதை அவசரகால வழி, வேடிக்கை பார்க்க அல்ல என்று நீங்கள் சொல்லலாம். தாப்பியும் அவசர வழிதான். 2015 ஏப்ரலில் ஓடும் ரயிலில் புகை வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் சுரங்கத்துக்குள் நடந்து வந்து, அதே அகழெலிப் பெட்டியில்தான் தொகுதி தொகுதியாக மேலேறினார்கள். ஆண்டுதோறும் சுற்றுலாப் பருவத்தில் ஓடிப் பழகிய வண்டி அது. பூட்டிக் கிடக்கும் வழியைவிடப் புழங்கும் வழியை நான் நம்புவேன்.

கம்பிவட ரயிலெல்லாம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கவசம் கொடுத்து முப்பது பேரை நடத்திக் கூட்டிப்போனால் போதும். ஓரிடத்தில் மட்டும் கான்கிரீட் பூசாமல், வெடித்த பாறையைக் கம்பி வலைக்குப் பின்னால் அப்படியே விட்டுவையுங்கள். உள்ளே வேலை செய்தவர்களின் பெயர்களை வாசலில் எழுதுங்கள், மேஸ்திரி முதல் உதவியாள் வரை. இதையெல்லாம் உட்பூச்சு முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாஷி பாலத்துப் பயணி ஒருவன்,
செம்பூர்